பேட்டரி எத்தனை வருஷம் வரும், அதற்காக யார் மண் தோண்டுகிறார்கள்?

கேள்வி: மதுரையிலிருந்து மேலூர் பக்கம் உள்ள ஒரு பள்ளிக்குத் தினமும் கார் ஓட்டிப் போகிறேன். போக வர அறுபது கிலோமீட்டர் ஆகிறது. பெட்ரோல் காருக்குப் பதினொரு வயதாகிவிட்டது, அடுத்து மின்சாரக் கார் வாங்கலாமா என்று யோசிக்கிறோம். என் தம்பி, "அஞ்சு வருஷத்துல பேட்டரி போயிடும்க்கா, மாத்துறதுக்குக் கார்ல பாதி விலை ஆகும்" என்கிறான். கல்லூரியில் படிக்கும் மகள் வேறு காரணம் சொல்கிறாள்: "காங்கோவுல சின்னப் பசங்க பேட்டரிக்கான கோபால்ட் உலோகத்தைக் கையால தோண்டுறாங்க, அந்தக் கார்ல நான் ஏற மாட்டேன்." இருவருக்கும் நான் என்ன பதில் சொல்ல?
- ஓர் ஆசிரியை, மதுரை

அன்புள்ள டீச்சருக்கு வணக்கம்.

கார் பேட்டரிகளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் பல வருஷமாக இருக்கிறேன், அதனால் தம்பியின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஆனால் இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று ஒட்டியவை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஐந்து வருஷத்தில் சாகிற பேட்டரி என்றால் ஒரே காருக்காகப் பூமியை இரண்டு மூன்று தடவை தோண்ட வேண்டும். பதினைந்து வருஷம் உழைக்கிற பேட்டரி என்றால் ஒரு தடவை போதும். ஆகவே தம்பிக்கு லாபமாக முடிகிற தேர்வு பெரும்பாலும் மகளுக்கும் நியாயமாகவே முடியும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், எங்கே அப்படி முடியாது என்பதையும் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தம்பியின் பயம் ஆதாரம் இல்லாத புரளி கிடையாது. 2010 கடைசியில் விற்பனைக்கு வந்த நிஸான் லீஃப் காரில் பேட்டரியைக் குளிர வைக்கும் திரவக் குழாய் ஏற்பாடு எதுவும் இல்லை. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரம் நம் மதுரையை விடக் கொடுமையான வெயில் உள்ள ஊர், அங்கே ஓடிய கார்கள் பலவற்றில் 2012-லேயே ஒரு சார்ஜில் போகும் தூரம் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்துவிட்டது. உரிமையாளர்கள் விடாமல் சண்டை போட்ட பிறகுதான் கொள்ளளவு குறைந்தாலும் வாரண்டி உண்டு என்று அந்த நிறுவனம் அறிவித்தது. சூடான ஊரில் மின்சாரக் கார் தாங்காது என்கிற பேச்சு உலகம் முழுக்கப் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். நம் ஊரில் அதோடு செல்போன் பேட்டரி அனுபவமும், ஈய பேட்டரி போட்டு வந்த பழைய மின்சார ஸ்கூட்டர்கள் இரண்டு வருஷத்தில் படுத்துக்கொண்ட அனுபவமும் சேர்ந்துகொண்டன.

உள்ளே என்னதான் நடக்கிறது? கார் பேட்டரி என்பது பல செல்கள் சேர்ந்த பெட்டி. ஒவ்வொரு லித்தியம் செல்லுக்குள்ளும் கிராஃபைட் இருக்கும் பக்கத்தில் மிக மெல்லிய படலம் ஒன்று உருவாகும். அந்தப் படலம் இல்லாமல் செல் வேலையே செய்யாது, ஆனால் அது வருஷக்கணக்கில் தடித்துக்கொண்டே போகும், தடிக்கும்போது லித்தியத்தைத் தன்னோடு பூட்டிக்கொள்ளும், அப்படிப் பூட்டப்பட்ட லித்தியம் மறுபடி சார்ஜ் சுமக்க வராது. கொள்ளளவு குறைகிறது என்று நாங்கள் சொல்வதில் பெரும்பகுதி இதுதான். முதல் ஒன்றிரண்டு வருஷத்தில் கொஞ்சம் வேகமாகக் குறையும், அப்புறம் நிதானமாகிவிடும், அதனால் முதல் வருஷம் நாலைந்து சதவீதம் இறங்கியதைப் பார்த்துப் பத்து வருஷத்துக்குப் பெருக்கிக் கணக்குப் போட்டுப் பயப்படக் கூடாது. இந்தப் படலத்தை வேகமாக வளர்ப்பவை இரண்டு: சூடு, அப்புறம் முழுச் சார்ஜோடு நாள்கணக்கில் சும்மா நிற்பது. இரண்டும் சேர்ந்தால், அதாவது மே மாத வெயிலில் நூறு சதவீதத்தோடு வாசலில் நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விட்டால், அதுதான் நீங்கள் பேட்டரிக்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல்.

இப்போது ஓடுகிற கார்களில், திரவத்தால் குளிர்விக்கப்படும் பேட்டரிகளைப் பல நாடுகளில் ஆயிரக்கணக்கில் கணக்கெடுத்துப் பார்த்தால், வருஷத்துக்குச் சராசரியாக இரண்டு சதவீத அளவில்தான் கொள்ளளவு குறைகிறது. பத்து வருஷத்தில் எண்பது சதவீதம் மிச்சம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலுக்காக இன்னும் கொஞ்சம் கழித்து எழுபது என்றே வைப்போம். நீங்கள் 30 யூனிட் பேட்டரி உள்ள கார் வாங்கினால் (கிலோவாட் மணி என்று விளம்பரத்தில் போடுவது நம் கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான்) நிஜச் சாலையில் 200 கிலோமீட்டர் போகலாம். எழுபது சதவீதம் ஆனபிறகும் 140 கிலோமீட்டர் போகும். உங்களுக்குத் தினமும் தேவை 60. பேட்டரி "போய்விட்டது" என்று மற்றவர்கள் சொல்கிற நிலையிலும் அந்தக் கார் உங்களைப் பள்ளிக்குக் கூட்டிப்போய்த் திரும்பவும் கொண்டுவந்து விடும், இதைத் தம்பியிடம் அழுத்திச் சொல்லுங்கள், ஏனென்றால் ஒரு நாள் அப்படியே நின்றுவிடும் என்கிற கற்பனைதான் எல்லாப் பயத்துக்கும் அடியில் இருக்கிறது. திடீரென நின்றுபோகும் பேட்டரிகளும் உண்டு, மறுக்கவில்லை. அவை பெரும்பாலும் ஒரு செல்லோ ஒரு மின்னணுப் பலகையோ தயாரிப்புக் குறையால் கெட்டுப்போனவை, முதுமையால் செத்தவை அல்ல, அதற்குத்தான் வாரண்டி.

வாரண்டி விஷயத்தில் நம் நாட்டில் வழக்கமாகக் கிடைப்பது 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். ஐக்கிய நாடுகள் வழியாக 2022-ல் வந்த உலகளாவிய தொழில்நுட்ப விதி ஒன்று, கார் பேட்டரி 5 வருஷம் அல்லது 1,00,000 கிலோமீட்டரில் 80 சதவீதமும், 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டரில் 70 சதவீதமும் தாங்க வேண்டும் என்று குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது. ஷோரூமில் "எட்டு வருஷ வாரண்டி மேடம்" என்று வாயால் சொன்னால் போதாது, எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவீர்கள், முழுப் பெட்டியா, கெட்டுப்போன மாட்யூல் (சில செல்கள் சேர்ந்த ஒரு பகுதி) மட்டுமா, வெள்ளத் தண்ணீர் புகுந்தால் உண்டா இல்லையா, காரை விற்றால் அடுத்தவருக்கு வாரண்டி தொடருமா என்று காகிதத்தில் காட்டச் சொல்லுங்கள். வெள்ளம் பெரும்பாலும் வாரண்டியில் வராது, காப்பீட்டில்தான் பார்க்க வேண்டும்.

"பாதி விலை" என்பதைப் பற்றி. 2010-ல் உலகச் சந்தையில் ஒரு யூனிட் பேட்டரிக்கு 1,000 டாலருக்கு மேல் ஆனது, 2024-ல் சராசரி 115 டாலர் அளவுக்கு வந்துவிட்டது. இன்றைக்கு இங்கே முழுப் பெட்டியும் மாற்றினால் செலவு அதிகம்தான், தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் உங்களுக்கு மாற்ற வேண்டிய காலம் வருவதே பத்துப் பன்னிரண்டு வருஷம் தாண்டி, அப்போதும் முழுப் பெட்டியும் மாற்ற வேண்டிய அவசியம் எல்லோருக்கும் வராது.

சரி, எந்த பேட்டரி என்பதுதான் முக்கியமான கேள்வி, அங்கேதான் உங்கள் மகளின் கேள்வியும் உள்ளே வருகிறது. கார்களில் இன்று இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்று நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் மூன்றும் கலந்தது, என்எம்சி என்பார்கள். எடை குறைவு, அதிக தூரம் போகும். இன்னொன்று லித்தியம், இரும்பு, பாஸ்பேட் சேர்ந்தது, எல்எஃப்பி. இதில் கோபால்டும் கிடையாது, நிக்கலும் கிடையாது. எடை கொஞ்சம் கூட, ஆனால் சூட்டைத் தாங்கும் குணம் அதிகம், தீப்பிடிப்பதும் கடினம், முழுதாகச் சார்ஜ் ஏற்றி இறக்கும் சுற்றுகள் 2,000, 3,000 என்று தாங்கும். உங்கள் கணக்கு வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர், அதாவது 75 முழுச் சுற்று. 2,000 சுற்று முடிய இருபத்தாறு வருஷம் ஆகும். அப்படியென்றால் உங்கள் பேட்டரி ஓடி ஓடித் தேயப் போவதில்லை, வெயிலில் நின்று நின்று வயதாகப் போகிறது. ஆகவே நீங்கள் கவலைப்பட வேண்டியது எவ்வளவு ஓட்டுகிறோம் என்பதைப் பற்றி அல்ல, பள்ளியில் எங்கே நிறுத்துகிறோம் என்பதைப் பற்றி. தலைமையாசிரியரிடம் சொல்லி ஒரு வேப்பமரத்தடியைப் பிடித்துவிடுங்கள்.

இந்த எல்எஃப்பி பொருளில் மதுரைக்கு ஒரு பங்கு உண்டு, உங்கள் மகளுக்குப் பிடிக்கும் என்பதால் சொல்கிறேன். 2019-ல் லித்தியம் பேட்டரிக்காக வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் ஜான் குட்இனஃப், அப்போது அவருக்கு 97 வயது. அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையாற்றியவர் ஆறுமுகம் மந்திரம், தென் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து மதுரைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் வாங்கியவர். இரும்போடு சல்பேட் போன்ற தொகுதிகளைச் சேர்த்து லித்தியத்தை உள்ளே ஏற்றலாம் என்று 1980-களின் கடைசியில் இவர்கள் இருவரும் செய்த வேலை ஒரு வழியைத் திறந்தது, அந்த வழியில் 1997-ல் குட்இனஃபின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்ததுதான் இரும்பு பாஸ்பேட். விலை மலிந்த, எங்கும் கிடைக்கிற இரும்பை வைத்து பேட்டரி செய்ய முடியும் என்று காட்டியதை நான் மிகப் பெரிய கொடையாக நினைக்கிறேன்.

நம் நாட்டில் நடுத்தர விலையில் விற்கும் மின்சாரக் கார்களில் பல இப்போது எல்எஃப்பிதான். டாடா நெக்ஸான் 2020-ல் வந்ததிலிருந்தே அப்படி, எம்ஜி வின்ட்சரும் அப்படி, பிஒய்டியின் பிளேடு பேட்டரியும் அதே குடும்பம். வாங்கும் மாடலில் எது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சார்ஜ் ஏற்றுவதில் ஒரு வித்தியாசம் உண்டு. என்எம்சி என்றால் தினசரி எண்பது சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எல்எஃப்பியில் வோல்டேஜ் கோடு ஏறக்குறையத் தட்டையாக இருப்பதால் எவ்வளவு மிச்சம் என்று காரின் கணிப்பொறியே குழம்பிப்போகும், அதனால் வாரத்துக்கு ஒரு தடவையாவது நூறு வரை ஏற்றச் சொல்வார்கள், ஏற்றியதும் அடுத்த நாள் காலையில் ஓட்டிவிடுங்கள். கோடை விடுமுறையில் ஊருக்குப் போனால் பாதிச் சார்ஜில் நிழலில் விட்டுப் போங்கள். நெடுஞ்சாலை வேகச் சார்ஜரை அவசரத்துக்கு வைத்துக்கொண்டு வீட்டுப் பிளக்கிலேயே இரவில் ஏற்றுங்கள். இதற்கு மேல் பேட்டரியைப் பற்றி நீங்கள் நினைக்கவே வேண்டாம்.

இனி மகளுக்கு.

அவள் சொல்வது உண்மை. உலகத்தில் சுரங்கத்திலிருந்து வரும் கோபால்டில் ஏறக்குறைய எழுபது சதவீதம் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து, அதிலும் தெற்கே கொல்வேசி நகரைச் சுற்றியுள்ள லுவாலாபா, பக்கத்து மேல் கட்டங்கா மாகாணங்களிலிருந்து வருகிறது. பெரும்பகுதியைத் தோண்டுபவை பெரிய இயந்திரச் சுரங்கங்கள், அவற்றில் பல சீன நிறுவனங்கள் கையில். மிச்சத்தைக் கையால் தோண்டுகிறார்கள், மண்வெட்டி, கடப்பாரை, சாக்குப் பை, முட்டுக்கட்டை இல்லாத குழி. 2016 ஜனவரியில் அம்னஸ்டி மனித உரிமை அமைப்பும் காங்கோவைச் சேர்ந்த ஆஃப்ரிவாட்ச் அமைப்பும் வெளியிட்ட அறிக்கையில், ஏழு வயதுப் பிள்ளைகள் கூடக் கல் பொறுக்கிக் கழுவிச் சுமக்கிறார்கள், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை, கூலி ஒன்றிரண்டு டாலர் என்று பதிவு செய்திருந்தார்கள். தெற்குக் காங்கோவின் எல்லாச் சுரங்கங்களிலும் சேர்த்துச் சுமார் 40,000 பிள்ளைகள் வேலை செய்வதாக யூனிசெஃப் 2014-ல் மதிப்பிட்டது. 2019 ஜூன் மாதம் கொல்வேசியில் ஒரு பெரிய நிறுவனத்தின் சுரங்க எல்லைக்குள் நுழைந்து தோண்டிக்கொண்டிருந்தவர்கள் மீது மண் சரிந்து 43 பேர் செத்தார்கள். கையால் தோண்டிய கல்லும் இயந்திரம் தோண்டிய கல்லும் வியாபாரிகள் கைமாறிச் சுத்திகரிப்பு ஆலைக்குள் போன பிறகு எது எதிலிருந்து வந்தது என்று யாராலும் பிரிக்க முடியாது, "எங்கள் கோபால்ட் சுத்தமானது" என்று சொல்கிற நிறுவனங்களை நான் சந்தேகத்தோடு பார்ப்பது இதனால்தான்.

எல்எஃப்பி கார் வாங்கினால் இந்தக் கோபால்ட் உங்கள் பேட்டரியில் இல்லை. அது நேரடியான பதில், அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் மகள் கையில் வைத்திருக்கும் செல்போனில் கோபால்ட் இருக்கிறது. போன், லேப்டாப் பேட்டரிகளில் பெரும்பாலானவை லித்தியம் கோபால்ட் ஆக்சைடுதான், ஒரு போனில் சில கிராம். அவளைக் குற்றவாளி ஆக்க இதைச் சொல்லவில்லை, அவளுடைய கோபம் சரியான கோபம்; அது காரோடு நின்றுவிடாமல் போனை நாலைந்து வருஷம் வைத்துக்கொள்வதிலும், கெட்டால் பேட்டரி மட்டும் மாற்றுவதிலும், பழைய போனை மேசை டிராயரில் போட்டு மறக்காமல் மறுசுழற்சிக்குக் கொடுப்பதிலும் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்ததாக ஒன்றை அவளோடு சேர்ந்து நீங்களும் யோசிக்க வேண்டும், எனக்கே இது லேசில் தீராத விஷயம். கோபால்ட் இல்லாத பேட்டரிக்கு நாம் எல்லோரும் மாறிவிட்டால் கொல்வேசிப் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுவார்களா? 2022 வசந்தத்தில் உச்சத்தில் இருந்த கோபால்ட் விலை 2025 தொடக்கத்தில் அதில் கால்வாசி அளவுக்கு விழுந்தது. பெரிய சுரங்கங்கள் அளவுக்கு மீறித் தோண்டிக் குவித்தது முக்கியக் காரணம், எல்எஃப்பியின் வளர்ச்சியும் கூடச் சேர்ந்தது. 2025 பிப்ரவரியில் காங்கோ அரசு ஏற்றுமதியையே நிறுத்தியது, அக்டோபரில் ஒதுக்கீட்டு முறையில் திறந்தது. விலை விழும்போது முதலில் அடிபடுவது யார்? கையால் தோண்டுகிறவர். அவருக்கு வேறு வேலை இல்லை, மாதச் சம்பளம் இல்லை, மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரி சொல்கிற விலைதான். அப்பாவின் வருமானம் குறைந்தால் பிள்ளை குழிக்குப் போவது அதிகமாகுமே தவிரக் குறையாது, நம் சிவகாசிப் பக்கத்துப் பழைய கதைகளைப் படித்தவர்களுக்கு இது புரியும். அதனால் "கோபால்ட் வேண்டாம்" என்று விலகுவது நம் கையைச் சுத்தம் செய்யும், அவர்கள் வாழ்க்கையைச் சுத்தம் செய்யாது. அங்கே தேவைப்படுவது கையால் தோண்டுகிறவர்களுக்குச் சட்டப்படியான இடம், ஆழத்துக்கு வரம்பு, முட்டுக் கொடுத்த குழி, நியாயமான எடைக்கல், பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்குகிற ஆசிரியர் உள்ள பள்ளி. 2018-ல் காங்கோ தன் சுரங்கச் சட்டத்தை மாற்றிக் கோபால்டுக்கு அரசுக்குக் கட்டும் உரிமத்தொகையை 10 சதவீதமாக்கியது. அந்தப் பணம் கொல்வேசிக்குத் திரும்பி வருகிறதா என்று கேட்கிற காங்கோ அமைப்புகள் இருக்கின்றன, கேட்டு அடிவாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இன்னொன்று: 2023-ல் அம்னஸ்டியும் ஒரு காங்கோ அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, சட்டப்படி நடக்கிற பெரிய சுரங்கங்கள் விரிவாவதற்காகக் கொல்வேசியில் வீடுகளும் வயல்களும் எப்படிப் பறிக்கப்படுகின்றன என்பதைப் பற்றியது. பிள்ளைகள் வேலை செய்யாத சுரங்கம் என்றாலே நல்ல சுரங்கம் ஆகிவிடாது.

எல்எஃப்பியும் பாவம் இல்லாத பொருள் அல்ல. அதற்கும் லித்தியம் வேண்டும். சிலியில் அட்டகாமா உப்புச் சமவெளியில் பூமிக்கடியில் இருக்கும் உப்பு நீரை உறிஞ்சிப் பரந்த குளங்களில் வெயிலில் காய வைத்து லித்தியம் எடுக்கிறார்கள். உலகத்திலேயே மழை மிகக் குறைந்த பகுதிகளில் ஒன்று அது, அங்கே காலம் காலமாக வாழும் லிக்கனான்டாய் மக்கள் தங்கள் ஊற்றுகளும் ஆட்டு மேய்ச்சலும் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பாறையை உடைத்து எடுக்கிறார்கள், செர்பியாவில் யாதர் பள்ளத்தாக்கு விவசாயிகள் சுரங்கமே வேண்டாம் என்று வருஷக்கணக்காகத் தெருவில் நின்றார்கள். பாஸ்பேட்டுக்கும் ஒரு அரசியல் உண்டு, மேற்குச் சஹாராவின் பூ கிராவில் மொராக்கோ தோண்டும் பாஸ்பேட் யாருக்குச் சொந்தம் என்கிற தகராறு இன்னும் முடியவில்லை. என்எம்சி பக்கம் போனால் நிக்கல், அதில் பாதிக்கு மேல் இந்தோனேசியா. சுலவேசித் தீவின் மொரோவாலியில் காட்டை அழித்து, நிலக்கரி மின்நிலையம் கட்டி, அதில் நிக்கல் உருக்குகிறார்கள். 2023 டிசம்பர் 24 அன்று அங்கே ஓர் உலை வெடித்து 21 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பெட்ரோலே மேல் என்று தம்பி சொல்வார். அங்கேதான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நைஜீரியாவின் ஒகோனி நிலத்தில் எண்ணெய்க் கசிவால் கெட்டுப்போன மண்ணையும் தண்ணீரையும் சுத்தம் செய்ய 25 முதல் 30 வருஷம் ஆகலாம் என்று ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு 2011-ல் சொன்னது, அந்த மண்ணுக்காகப் பேசிய கென் சாரோ விவாவை 1995-ல் தூக்கில் போட்டார்கள். தூரத்துக்குப் போக வேண்டாம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் வலையும் படகும் கறுத்து நின்ற மீனவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். பெட்ரோலுக்கு நாம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகவில்லை, அவ்வளவுதான். அளவையும் பாருங்கள். நீங்கள் வருஷத்துக்குச் சுமார் 1,000 லிட்டர் பெட்ரோல் எரிக்கிறீர்கள், பன்னிரண்டு வருஷத்தில் 12,000 லிட்டர், எடையில் ஏறக்குறைய ஒன்பது டன், எரிந்து காற்றில் போய்விடும். 30 யூனிட் எல்எஃப்பி பேட்டரியில் இருக்கும் லித்தியம் சுமார் மூன்று கிலோ, பேட்டரி செத்த பிறகும் அது பெட்டிக்குள்ளேயே இருக்கும்.

கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று மகள் கேட்டால் அதுவும் நியாயமே. 2023 ஜூலையில் நெய்வேலிச் சுரங்க விரிவுக்காக வளையமாதேவியில் கதிர் விடும் பயிருக்குள் இயந்திரத்தை இறக்கியதை மறக்க முடியுமா? என் கணக்கில், நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தாலும், பேட்டரி தயாரிப்பில் வந்த கூடுதல் கார்பனை நீங்கள் ஓட்டுகிற தூரத்துக்கு இரண்டு மூன்று வருஷத்தில் ஈடு கட்டிவிடுவீர்கள். வீட்டு மாடியில் சூரிய பேனல் போட்டு, சனி ஞாயிறு பகலில் ஏற்றினால் இன்னும் சீக்கிரம். வாரத்துக்கு ஒரு தடவை கடைக்குப் போகிறவர் கேட்டிருந்தால் இருக்கிற பெட்ரோல் காரையே வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருப்பேன். உங்கள் கதை வேறு, தினமும் அறுபது கிலோமீட்டர்.

ஆகவே வாங்குங்கள், ஆனால் சின்ன பேட்டரியாக வாங்குங்கள். இதை நான் எல்லோரிடமும் மன்றாடிக்கொண்டிருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு முறை திருப்பதி போவதற்காக 75 யூனிட் பேட்டரியைத் தினமும் சுமந்து திரிய வேண்டாம், அதில் இரண்டரை மடங்கு லித்தியமும் செம்பும் கிராஃபைட்டும் இருக்கின்றன, அவ்வளவுக்கும் யாரோ தோண்டியிருக்கிறார்கள். திருப்பதிக்கு ரயிலில் போகலாம், இல்லை வழியில் அரை மணி நேரம் சார்ஜ் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கலாம்.

தம்பிக்கு லாபமும் மகளுக்கு நியாயமும் பிரிகிற இடம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது கடைசிக் காலத்தில் வருகிறது. பேட்டரி மறுசுழற்சியில் காசு எங்கே இருக்கிறது என்றால் கோபால்டிலும் நிக்கலிலும்தான். எல்எஃப்பியை உடைத்தால் இரும்பும் பாஸ்பேட்டும் வரும், அதற்குப் பெரிய விலை கிடையாது, லித்தியமும் செம்பும்தான் கொஞ்சம் மிஞ்சும். அதாவது காங்கோவைத் தொடாத பேட்டரியை வாங்கிப் பிரிக்க ஆளுக்கு ஆர்வம் குறைவு. சட்டத்தால்தான் இதைச் சரிசெய்ய முடியும். நம் நாட்டில் 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், விற்ற நிறுவனமே திரும்ப எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும் என்கின்றன, குப்பையில் புதைப்பதற்கும் எரிப்பதற்கும் தடை, 2026-27 முதல் பொருளில் 90 சதவீதம் மீட்க வேண்டும், 2027-28 முதல் புதிய கார் பேட்டரியில் 5 சதவீதமாவது மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும், 2030-31-ல் 20. காகிதத்தில் நல்ல விதி. நடக்குமா என்பது வாங்குகிறவர்கள் கேட்பதைப் பொறுத்தது, வீடு தேடி வரும் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்காமல் இருப்பதையும் பொறுத்தது.

பழைய இரும்புக்காரர் என்றதும் ஞாபகம் வருகிறது, உங்கள் பழைய பெட்ரோல் காரில் ஓர் ஈய பேட்டரி இருக்கிறதே, இந்தப் பதினொரு வருஷத்தில் மூன்றாவது செட்டாக இருக்கும், பழைய இரண்டும் எங்கே போயின? ஈய பேட்டரிகளை முறையில்லாத பட்டறைகளில் உடைத்து உருக்குவது பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறுவதற்கு ஒரு பெரிய காரணம். உலகில் மூன்றில் ஒரு பிள்ளைக்கு, சுமார் 80 கோடிப் பேருக்கு, இரத்தத்தில் ஈயம் கவலைப்படும் அளவில் இருப்பதாக யூனிசெஃப் 2020-ல் சொன்னது, அதில் நம் நாட்டுப் பிள்ளைகள் மிக அதிகம். மின்சாரக் காரிலும் விளக்குக்கும் பூட்டுக்கும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு, பெரும்பாலும் அதுவும் ஈயம்தான். மாற்றும்போது பழையதை டீலரிடம் ரசீது வாங்கிக் கொடுங்கள். காங்கோவுக்காகக் கோபப்படுகிற மகள் இதற்காகவும் கோபப்படட்டும்.

அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். நீங்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் கார் நிறுவனத்துக்கு அவள் பெயரில் ஒரு மின்னஞ்சல் போகட்டும். செல் எந்த நாட்டில் செய்தது, லித்தியமும் கிராஃபைட்டும் எந்தச் சுரங்கத்திலிருந்து, அந்த இடத்து மக்களிடம் யார் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள், பேட்டரி முடிந்ததும் எந்த மறுசுழற்சி ஆலைக்கு அனுப்புவீர்கள். ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி முதல் ஒவ்வொரு கார் பேட்டரிக்கும் பாஸ்போர்ட் போல மின்னணுப் பதிவு கட்டாயமாகிறது, அங்கே விற்கிற நிறுவனங்கள் இந்தத் தகவலைத் திரட்டியே ஆக வேண்டும், ஆகவே தெரியாது என்று அவர்கள் சொல்ல முடியாது. முதல் மின்னஞ்சலுக்குப் பதில் வராமல் போகலாம், ஷோரூம் மேலாளரின் கையில் அச்செடுத்துக் கொடுத்து, பதில் வந்த பிறகு பணம் கட்டுகிறோம் என்று சொல்லுங்கள். என்ன பதில் வந்தாலும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், அதில் மழுப்பல் எது, விஷயம் எது என்று பிரித்துப் பார்த்துச் சொல்கிறேன்.